48,827 ஏக்கரும் ஒரு தப்பான அட்சரேகையும்: கலிபோர்னியாவின் ஆரம்பகாலக் குடியேறி ஒருவரின் நில உரிமை, நிகழ்வு ஆய்வு

எந்த நிகழ்வு, ஏன்

கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த கதை தெரிந்தவர்களுக்கு இந்த நிலக்காரரின் கதையும் அரைகுறையாகத் தெரிந்திருக்கும். அவர் நிலத்தில் தங்கம் கிடைத்தது, உலகமே அங்கே படையெடுத்தது, கடைசியில் அவர் ஓட்டாண்டியாகச் செத்தார் என்பார்கள். இதில் முதல் வரியே தப்பு. தங்கம் கிடைத்த இடம் அவருடைய மானிய எல்லைக்குள் இல்லை. இந்த ஒரு தப்பைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் வேறொரு கதை தெரிகிறது. தங்கம் வருவதற்கு முன்பே அவருடைய பத்திரங்களில் ஓட்டை இருந்தது, தலைக்கு மேல் கடனும் இருந்தது.

நிகழ்வு ஆய்வு என்பதால் அவர் பெயரையும் அவரோடு தொழில் செய்தவர்கள் பெயரையும் தவிர்க்கிறேன். அரசுப் பதவியில் இருந்தவர்களை மட்டும் பெயரோடு சொல்கிறேன். சாக்ரமெண்டோ என்றதுமே பாதிப் பேர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு ஆளைவிட அவர் பத்திரப் பெட்டியில்தான் ஆர்வம்.

பின்னணி

1803-ல் ஜெர்மனியின் பாடன் பகுதியில் பிறந்தவர். குடும்பம் சுவிஸ் குடும்பம். சுவிட்சர்லாந்தின் புர்க்டோர்ஃப் ஊரில் துணிக்கடை வைத்தார், வியாபாரம் படுத்துவிட்டது. 1834-ல் மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் கடன்காரர்கள் வாசலில் நிற்க விட்டுவிட்டு நியூயார்க்குக்குக் கப்பலேறினார். மிசூரியில் சில வருடம் இருந்து சாண்டா ஃபே வரை வியாபாரம் செய்து பார்த்தார். அதுவும் தேறவில்லை.

1838-ல் தோல் வியாபாரிகளோடு மேற்கே கிளம்பினார். ஃபோர்ட் வான்கூவர் போய், அங்கிருந்து கப்பலில் ஹொனலுலு, பிறகு ரஷ்யர்களின் அலாஸ்காவில் சிட்கா என்று சுற்றி, ஜூலை 1839-ல் யெர்பா புவேனாவில், அதாவது இன்றைய சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினார். போன இடத்திலெல்லாம் பரிந்துரைக் கடிதம் வாங்கிச் சேர்த்திருந்தார். பிரான்ஸ் அரசரின் சுவிஸ் காவற்படையில் தான் கேப்டன் என்றும் சொல்லிக்கொண்டார். அப்படி ஒரு பதவி அவருக்கு இருந்ததில்லை. கையில் பணம் கிடையாது, கடிதக்கட்டு இருந்தது. ஹவாயிலிருந்து கூட்டி வந்த எட்டு ஆண்களும் இரண்டு பெண்களும் உடன் இருந்தார்கள்.

நிலம் கைக்கு வந்த விதம்

கலிபோர்னியா அப்போது மெக்சிகோவின் மாகாணம். ஆளுநர் ஹுவான் பவுதிஸ்தா அல்வராதோவுக்கு இரண்டு தலைவலிகள். அனுமதி இல்லாமல் உள்நாட்டுக்குள் நுழையும் அமெரிக்கர்கள் ஒன்று, வடக்கே சொனோமாவில் தனி ராஜாங்கம் நடத்திய சொந்த மாமா வயேஹோ இன்னொன்று. சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கில் தனக்குக் கடமைப்பட்ட ஓர் ஆள் கோட்டை கட்டி உட்கார்ந்தால் இரண்டுக்கும் மருந்தாகும் என்று அவர் கணக்குப் போட்டார். ஒரு வருடம் குடியிருந்து காட்டு, மெக்சிகக் குடிமகன் ஆகு, நிலம் தருகிறேன் என்றார்.

ஆகஸ்ட் 1839-ல் அமெரிக்கன் ஆறும் சாக்ரமெண்டோ ஆறும் சேரும் இடத்துக்கு அருகே நம்மவர் கூடாரம் அடித்தார். ஆகஸ்ட் 1840-ல் குடியுரிமை வந்தது. ஜூன் 1841-ல் 11 சதுர லீக், அதாவது 48,827 ஏக்கர், மானியமாக எழுதிக் கொடுக்கப்பட்டது. சுவிட்சர்லாந்தை நினைத்து அதற்கு நுவேவா எல்வேசியா என்று பெயர் வைத்தார். பச்சைச் செங்கல் சுவர் 18 அடி உயரத்தில் எழும்பியது, மூலைகளில் பீரங்கி ஏறியது. அந்த வட்டாரத்தில் நீதி வழங்கும் அதிகாரமும் அவரிடமே வந்தது.

இப்போது பத்திரத்துக்கு வருகிறேன். மானியத்தோடு இணைத்த வரைபடத்தை வரைந்தவர் அவருக்குத் தெரிந்த ஒரு கப்பல்காரர். அதில் தெற்கு எல்லை 38 பாகை 49 நிமிடம் 32 விநாடி அட்சரேகை என்று குறித்திருந்தது. கோட்டை இருந்ததோ 38 பாகை 34 நிமிடத்தில். வித்தியாசம் கால் பாகை, தரையில் சுமார் 17 மைல். எழுத்துப்படி பார்த்தால் அவர் வீடே அவர் நிலத்துக்குள் இல்லை! அளந்த கருவி சரியில்லை என்று பிற்காலத்தில் சொல்லப்பட்டது. இது போதாதென்று, ஆற்று வெள்ளத்தில் மூழ்கும் நிலம் இந்த 11 லீக்கில் சேராது என்று ஒரு வரியும் பத்திரத்தில் இருந்தது. செக்குபந்தி, அதாவது எல்லை விவரம், இப்படி இருக்கும் பத்திரத்தை இன்று ஒரு சாதாரண பத்திர எழுத்தர்கூடத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் அன்று பக்கத்து நிலக்காரர் என்று ஒருவரும் இல்லை. எல்லைக் கல் யாருக்காக நட வேண்டும் என்று விட்டுவிட்டார் போல.

பக்கத்தில் ஒருவரும் இல்லை என்று சொன்னது பத்திரத்தின் கண்ணோட்டம். உண்மையில் அது நிசெனான், மிவோக் என்ற பழங்குடி மக்களின் நிலம். 1833-ல் பரவிய மலேரியா அந்தப் பள்ளத்தாக்கின் பல ஊர்களைக் காலி செய்திருந்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் கண்ட வெறுமைக்கு அதுவும் ஒரு காரணம்.

கவனித்தவை: வேலை நடந்த விதம்

கோதுமை வயல், மாட்டு மந்தை, தோல் பதனிடும் தொட்டி, சாராய வடிப்பு, போர்வை நெசவு என்று எல்லாவற்றையும் அவர் ஒரே சமயத்தில் தொடங்கினார். வேலை செய்தவர்கள் பெரும்பாலும் நிசெனான், மிவோக் மக்கள். அறுவடைக் காலத்தில் நூற்றுக்கணக்கானோர். கூலியாகத் துளையிட்ட தகர வில்லை கொடுக்கப்பட்டது, அது அவருடைய கடையில் மட்டும் செல்லும். கஞ்சியை நீளமான மரத் தொட்டிகளில் ஊற்றிவிடுவார்கள், கையால் அள்ளிக் குடிக்க வேண்டும். ஓடிவிடாமல் இருக்க இரவில் அறையில் போட்டுப் பூட்டியதை அங்கே வேலை பார்த்த இன்னொரு சுவிஸ்காரரே எழுதி வைத்திருக்கிறார். வராதவர்களைப் பிடிக்க ஆயுதத்தோடு ஆட்கள் போனார்கள். அனாதையாக்கப்பட்ட பிள்ளைகள் வேண்டியவர்களுக்கு அன்பளிப்பாகவும் கடனுக்கு ஈடாகவும் கொடுக்கப்பட்டார்கள்.

அதே மனிதர்தான் மலை தாண்டிப் பட்டினியோடு வந்த அமெரிக்கக் குடியேறிகளுக்குக் கணக்குப் பார்க்காமல் சோறு போட்டார். 1846-47 குளிர்காலத்தில் சியெரா பனியில் சிக்கிய டோனர் குழுவுக்கு அவர் கோட்டையிலிருந்துதான் உணவும் மீட்பு ஆட்களும் போயின. பழைய நூல்கள் இதை மட்டும் பெரிதாக எழுதின. இரண்டும் ஒரே களஞ்சியத்துக் கோதுமை. இந்த ஆய்வுக்கு அது முக்கியம், ஏனென்றால் பண்ணையின் வரவு செலவு முழுவதும் இந்தக் கட்டாய உழைப்பின் மேல் நின்றது. 1847-ல் அம்மை பரவி வேலையாட்கள் ஏராளமாக இறந்தபோது பண்ணையும் ஆட்டம் கண்டது.

முதல் முடிவு: கடனுக்கு வாங்கிய கோட்டை

டிசம்பர் 1841-ல், மானியம் வந்து ஆறு மாதத்துக்குள், கடற்கரையில் ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனி விட்டுப்போகவிருந்த ஃபோர்ட் ராஸ் குடியிருப்பை 30,000 டாலருக்கு வாங்கினார். தவணை முறை. பெரும்பகுதியைக் கோதுமையாகச் சிட்காவுக்கு ஏற்றி அனுப்பிக் கழிப்பது என்று ஒப்பந்தம். ஈடாக நுவேவா எல்வேசியாவையே வைத்தார்.

வாங்கியதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஆயிரக்கணக்கில் ஆடுமாடு, பீரங்கி, துப்பாக்கி, மரக்கட்டடங்கள், ஆற்றில் ஓட்ட ஒரு பாய்மரக் கப்பல் என்று எல்லாம் ஒரே சமயத்தில் கிடைத்தன. அவர் கோட்டையைக் கோட்டையாக்கியதே இந்தச் சாமான்கள்தான். ஆனால் ரஷ்யர்கள் விற்றது கட்டடத்தையும் கால்நடையையும். மண்ணை விற்க அவர்களுக்கு உரிமையே இல்லை என்று மெக்சிகோ சொல்லிவிட்டது. மண் வராத ஒரு வாங்கலுக்கு இருக்கிற மண்ணை ஈடு வைத்திருக்கிறார். அடுத்த வருடங்களில் மழை பொய்த்து விளைச்சல் குறைந்தது, தவணை தவறியது, 1840-களின் நடுவில் கம்பெனி நெருக்கத் தொடங்கிவிட்டது. தங்கம் அப்போது ஆற்று மணலில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது.

இரண்டாவது முடிவு: மிச்ச நிலம்

1844-ன் கடைசியில் புதிய ஆளுநர் மிச்செல்தொரேனாவுக்கு எதிராகக் கலகம் வெடித்தது. நிலக்காரர் ஆளுநர் பக்கம் ஆள் திரட்டிப் போனார். அதற்குக் கைம்மாறாக பிப்ரவரி 1845-ல் மேலும் 22 சதுர லீக் எழுதிக் கொடுக்கப்பட்டது. பழைய மானியத்தைப் போல இரண்டு மடங்கு. இதற்குச் சோப்ராந்தே என்று பெயர், மிச்சம் என்று பொருள். அதே மாதத்தில் ஆளுநர் தோற்று மாகாணத்தை விட்டே போனார். நிலக்காரர் கைதியாகிப் பிறகு விடுதலையானார்.

எழுதிக் கொடுத்தவர் பதவி போகும் நேரம், போரின் நடுவே எழுதிய பத்திரம் அது. அதன் மூலமும் 1851-ல் தீயில் போய்விட்டது. இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள்.

ஜனவரி 1848

பண்ணைக்கும் மாவு ஆலைக்கும் மரம் வேண்டும். கோட்டையிலிருந்து 40 மைலுக்கு மேல் மலையேறி, கொலோமா என்ற நிசெனான் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மர அறுவை ஆலை கட்ட ஒரு தச்சரோடு கூட்டுச் சேர்ந்தார். ஜனவரி 24 அன்று, ஆலையின் வாய்க்காலில் அந்தத் தச்சர் கண்ணில் மினுமினுப்பு பட்டது.

நிலக்காரர் செய்த முதல் காரியம் கவனிக்க வேண்டியது. இடம் தன் எல்லைக்கு வெளியே என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். எனவே அந்த ஊரின் நிசெனான் தலைவர்களிடம் குத்தகைப் பத்திரம் எழுதி வாங்கினார். வருடத்துக்கு 150 டாலர், அதுவும் துணியாகவும் உழவுக் கருவியாகவும். எட்டு வருடத்துக்கு மேல் அந்த மக்களைத் தகர வில்லைக்கு வேலை வாங்கியவர், தனக்குத் தேவை வந்ததும் அவர்களை நில உரிமையாளர்களாக ஏற்றுக் கையெழுத்து வாங்குகிறார்.

அந்தப் பத்திரத்தை உறுதி செய்யக் கேட்டு மாண்டரேக்கு ஆள் அனுப்பினார். மெக்சிகோவோடு நடந்த போரில் கலிபோர்னியாவைப் பிடித்திருந்த அமெரிக்காவின் ராணுவ ஆளுநர் ரிச்சர்ட் மேசன் மறுத்தார். நிலத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ செவ்விந்தியர்களுக்கு உரிமை உண்டு என்று அமெரிக்கா ஏற்பதில்லை என்பது பதில். போன ஆள் வழியில் தங்கத்தைப் பற்றி வாயை விட்டுவிட்டார் என்பது உபரி நஷ்டம். இதற்கிடையே பிப்ரவரி 2-ல் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கை கையெழுத்தாகிக் கலிபோர்னியா அமெரிக்காவுக்குப் போயிருந்தது. மெக்சிக நில மானியங்களை நேரடியாகக் காப்பாற்றிய பத்தாவது பிரிவை அமெரிக்க செனட் பிற்பாடு நீக்கிவிட்டது.

மே மாதத்துக்குள் செய்தி சான் பிரான்சிஸ்கோ தெருவுக்கு வந்தது. பண்ணையில் வேலை பார்த்த வெள்ளையர்கள் ஒவ்வொருவராக மலைக்கு ஓடினார்கள். கட்டி முடியாத மாவு ஆலை அப்படியே நின்றது, தொட்டியில் தோல் அழுகியது. வந்த கூட்டம் மாட்டை வெட்டித் தின்றது.

மூன்றாவது முடிவு: மகன் பெயருக்கு எழுதியது

செப்டம்பர் 1848-ல் மூத்த மகன் வந்து சேர்ந்தார். அப்பாவைப் பதினான்கு வருடமாகப் பார்க்காதவர், வயது 22 கூட ஆகவில்லை. ரஷ்யக் கடனுக்காகச் சொத்து ஜப்தி ஆகிவிடும் என்ற பயத்தில், அக்டோபரில் நிலக்காரர் எல்லாவற்றையும் மகன் பெயருக்கு மாற்றி எழுதினார். மகன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்து அரண்டுபோனார். யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதே ஒழுங்காக எழுதப்படவில்லை.

மகன் எடுத்த முடிவு விரைவானது. ஆற்றுத்துறையில் மனைகள் பிரித்து நகரம் போடுவது, அதுதான் சாக்ரமெண்டோ நகரம். டிசம்பரில் நிலம் அளந்து தெருக் கோடு போட்டார்கள், 1849 தொடக்கத்திலேயே மனை விற்பனை. பின்னால் கலிபோர்னியா மாநிலத்தின் முதல் ஆளுநரான பீட்டர் பர்னெட் இதற்கு முகவர். விற்ற பணத்தில் ரஷ்யக் கடன் 1849-ல் அடைந்தது. ஏழு வருடம் அப்பாவால் முடியாததை மகன் ஒரு வருடத்துக்குள் முடித்தார். இந்த மொத்த நிகழ்விலும் எனக்குச் சரியாகப்பட்ட முடிவு இது ஒன்றுதான்.

அப்பாவுக்கோ கோபம். மூன்று மைல் தெற்கே, மேட்டு நிலத்தில், தன் பெயரில் ஒரு நகரம் போட அவர் ஏற்கெனவே திட்டமிட்டிருந்தார். மேட்டில்தான் ஊர் இருக்க வேண்டும் என்ற அவருடைய கணிப்பு சரிதான், ஜனவரி 1850-ல் மகன் போட்ட நகரம் வெள்ளத்தில் மிதந்தது. ஆனால் வியாபாரிகள் படகுத்துறையை விட்டு நகர மாட்டோம் என்றார்கள். மகனை விலக்கி அதிகாரத்தைத் திரும்ப வாங்கிய நிலக்காரர், அதைத் தானே வைத்துக்கொள்ளவும் இல்லை. அடுத்தடுத்து முகவர்களுக்குப் பவர் கொடுத்தார், அவர்கள் விற்றார்கள், பணம் அவர் கைக்குச் சரியாக வரவில்லை. மகன் உடல்நிலை கெட்டு 1850-ல் மெக்சிகோவின் அகபுல்கோவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்.

மனைப் பத்திரங்களில் ஒரு வாசகம் எல்லோருக்கும் பழக்கமானது. வில்லங்கம் ஏதாவது வந்தால் என் சொந்தப் பொறுப்பில் தீர்த்துக் கொடுப்பேன் என்பது. அவர் பெயரில் விற்ற பத்திரங்களில் இந்த உறுதிமொழி இருந்தது, சோப்ராந்தே நிலத்தை விற்ற பத்திரங்களிலும் இருந்தது.

வழக்கு

தங்கத்துக்காக வந்து ஏமாந்தவர்கள் சாக்ரமெண்டோவில் காலி இடங்களில் குடிசை போட்டார்கள். காலி செய்யச் சொன்னபோது அவர்கள் காட்டியது நிலக்காரரின் சொந்த மானியப் பத்திரத்தை. தெற்கு எல்லை வடக்கே இருக்கிறது, அதனால் இந்த ஊர் அவர் நிலமே இல்லை. வெள்ளத்தில் மூழ்கும் நிலம் மானியத்தில் சேராது, இந்த ஊர் மூழ்கியதை ஊரே பார்த்தது. ஆகவே இது அரசுப் புறம்போக்கு. வாதம் என்ற அளவில் சளைத்ததில்லை.

ஆகஸ்ட் 14, 1850 அன்று தெருவில் துப்பாக்கிச் சூடு நடந்தது. நகர வரி மதிப்பீட்டாளர் உள்படச் சிலர் இறந்தார்கள், மேயர் ஹார்டின் பிகலோ படுகாயம் அடைந்தார், மறுநாள் ஷெரிப் சுட்டுக் கொல்லப்பட்டார். குடிசைக்காரர்கள் தரப்பில் காயம்பட்டுச் சிறைக்குப் போன மருத்துவர் சார்லஸ் ராபின்சன் பிற்காலத்தில் கன்சாஸ் மாநிலத்தின் முதல் ஆளுநரானார். இது ரவுடிக் கூட்டத்தின் வேலை என்று ஒரேயடியாகத் தள்ள முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

1851 மார்ச்சில் வந்த நிலச் சட்டம் நிரூபிக்கும் சுமையை மானியதாரர் தலையில் வைத்தது. இரண்டு வருடத்துக்குள் ஆணையத்தில் மனுப் போட வேண்டும், தவறினால் நிலம் அரசுக்கு. மொத்தம் 813 மனுக்கள் வந்தன. நம் நிலக்காரரின் இரண்டு மானியங்களையும் 1855-ல் ஆணையம் ஏற்றது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 1858-ன் அமர்வில் உச்ச நீதிமன்றம் 11 லீக் மானியத்தை உறுதி செய்து, 22 லீக் சோப்ராந்தேயைத் தள்ளுபடி செய்தது. மிச்சத்தில் மிச்சம் இல்லை.

தீர்ப்பின் அடி அவருக்கு இரண்டு பக்கமும் விழுந்தது. நிலம் போனது. அந்த நிலத்தை வாங்கியவர்கள் உறுதிமொழி வாசகத்தைக் காட்டிப் பணம் கேட்டு வந்தார்கள். உறுதியான 11 லீக்கையாவது எங்கே அளந்து காட்டுவது என்ற தகராறு 1864-ல் மறுபடி அதே நீதிமன்றம் வரை போனது. இறுதிப் பட்டா 1866-ல் வந்தது. அதற்குள் அந்த நிலத்தில் பெரும்பகுதி கைமாறியிருந்தது.

பிறகு நடந்தவை

1850-ல் மனைவியும் மற்றப் பிள்ளைகளும் வந்து சேர்ந்து, ஃபெதர் ஆற்றங்கரையில் ஹாக் பண்ணை என்ற இடத்தில் குடும்பம் வாழ்ந்தது. அதற்கு முன் 1849-ல் மாநில அரசியலமைப்பு மாநாட்டில் உறுப்பினராக இருந்தார், ஆளுநர் தேர்தலில் நின்று பர்னெட்டிடம் தோற்றார். 1864 முதல் கலிபோர்னியா சட்டமன்றம் மாதம் 250 டாலர் கொடுத்தது. 1865 ஜூனில் பண்ணை வீட்டுக்கு ஒருவன் தீ வைத்தான். பல வருடக் காகிதங்கள் அதோடு சாம்பல். அந்த வருடமே கிழக்கே கிளம்பியவர் பிறகு பென்சில்வேனியாவின் லிட்டிட்ஸ் ஊரில் வீடு கட்டிக்கொண்டு, இழப்பீடு கேட்டு வருடா வருடம் காங்கிரஸுக்கு மனுக் கொடுத்தார். 50,000 டாலர் தரும் மசோதா ஜூன் 1880-ல் நிறைவேறாமலேயே கூட்டத்தொடர் முடிந்தது. இரண்டு நாள் கழித்து, ஜூன் 18 அன்று, வாஷிங்டனில் ஒரு ஓட்டல் அறையில் இறந்தார்.

எங்கே மாற்றியிருக்கலாம்

எல்லைத் தப்பைத் திருத்த வழியே இல்லை என்று சொல்ல முடியாது. மானியம் கிடைத்து இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 1841-ல், அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுப் பயணக் குழு ஒன்று நல்ல கருவிகளோடு சாக்ரமெண்டோ ஆற்றை அளந்துகொண்டு அவர் கோட்டைக்கே வந்தது. மார்ச் 1844-ல் அமெரிக்க ராணுவ அதிகாரி ஃபிரிமாண்டின் அளவைக் குழு வந்தது. இரண்டு குழுவுக்கும் சோறும் குதிரையும் கொடுத்தவர், என் தெற்குக் கோட்டைக் கொஞ்சம் சரிபார்த்துக் கொடுங்கள் என்று கேட்டிருந்தால், மெக்சிக ஆட்சி இருக்கும்போதே திருத்தப் பத்திரம் வாங்கியிருக்கலாம். 1850-ல் அந்த வாதம் எழும்பியே இருக்காது.

மகனிடமிருந்து அதிகாரத்தைப் பிடுங்கியதும், தள்ளுபடி ஆகக்கூடிய நிலத்துக்குச் சொந்தப் பொறுப்பு எழுதிக் கொடுத்ததும் அவரே வருவித்துக்கொண்டவை. சோப்ராந்தேயை விற்றே ஆக வேண்டும் என்றால், எனக்குள்ள உரிமை எவ்வளவோ அவ்வளவே உனக்கும் என்று எழுதி விற்றிருக்கலாம். விலை குறைந்திருக்கும், பிறகு வாசலில் யாரும் நின்றிருக்க மாட்டார்கள். தங்க வேட்டைக் கூட்டத்தை எதனாலும் தடுத்திருக்க முடியாது, அதை அவர் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

கொலோமா குத்தகைதான் இந்தக் கோப்பில் எனக்குத் தீராத பக்கம். மேசனின் மறுப்பு நிலக்காரருக்கு ஓர் ஆலை, ஒரு வாய்க்கால் நஷ்டம். கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஊரே போனது. 1851-52-ல் கலிபோர்னியப் பழங்குடிகளோடு அரசு எழுதிய 18 உடன்படிக்கைகளையும் செனட் ஏற்காமல் ஒதுக்கியது. 1851 சட்டத்தின் இரண்டு வருடக் கெடு அவர்களுக்கும் பொருந்தும் என்பது பார்க்கர்-ஹார்வி வழக்கில் 1901-ல்தான் முடிவாகச் சொல்லப்பட்டது. தெற்குக் கலிபோர்னியாவில் குப்பேனோ மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர் பற்றிய வழக்கு அது. நீங்கள் 1853-க்குள் மனுப் போடவில்லை, ஆகவே உரிமை இல்லை என்றது உச்ச நீதிமன்றம். 1903-ல் அவர்களை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள்.